ஸ்ட்ராபெர்ரியை சூ வீடில் வைத்து கம்போட், சாஸ், சிரப் செய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

தேவிகுளத்து அடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். மூணாறு பக்கம் தேவிகுளத்தில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம், சமையல் என் பொறுப்பு. காலையில் அப்பம், இடியாப்பம், கடலைக்கறி எல்லாம் உண்டு, ஆனால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பான்கேக், தயிரோடு பழம் என்று கேட்கிறார்கள். வட்டவடையில் சீசன் வந்துவிட்டால் ஸ்ட்ராபெர்ரி கிலோ கணக்கில் கிடைக்கும், அதிலும் நன்றாகக் கனிந்து லேசாக அமுங்கியதை விலை குறைத்தே தருவார்கள். அதை வாங்கி வந்து சர்க்கரை போட்டு அடுப்பில் காய்ச்சி பாட்டிலில் வைப்பேன். எனக்கு அதில் திருப்தியே இல்லை. காய்ச்சும்போது வீடு முழுக்க மணக்கிறது, பாட்டிலைத் திறந்தால் அந்த மணம் இல்லை, வெறும் ஜாம் வாசனைதான் வருகிறது, நிறமும் மூன்றாம் நாளே செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது.

ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தனார் போன லீவுக்கு வந்தபோது சூ வீட் கருவி ஒன்று கொண்டு வந்து கொடுத்தார். பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டிவிட்டால் தண்ணீரைச் சொன்ன டிகிரியிலேயே பிடித்து வைத்துச் சுற்றவிட்டுக்கொண்டு இருக்குமே, அதுதான், பொருளைப் பையில் போட்டு ஒட்டி அந்தத் தண்ணீரில் வேகவிட வேண்டும். கோழிக்கறியும் முட்டையும் அதில் அருமையாக வருகிறது. பழத்துக்கு எங்கே தேடினாலும் 85 டிகிரி என்று போட்டிருக்கிறது, அதில் வைத்தால் பழம் குழைந்துவிடுகிறது, ஆனால் சாறு மட்டும் தண்ணீராகவே இருக்கிறது, எவ்வளவு நேரம் விட்டாலும் கெட்டியாகவில்லை. பை வேறு மேலே மேலே மிதந்து வருகிறது.

என் கேள்விகள் இவைதான். கெட்டியாக என்ன செய்ய வேண்டும்? பழம் முழுசாகவும் இருக்க வேண்டும், சாஸாகவும் வேண்டும் என்றால் ஒரே பையில் முடியுமா? எங்கள் வீட்டுப் பின்னால் முசுக்கொட்டை (மல்பெரி) மரம் உண்டு, காந்தலூரிலிருந்து ப்ளம்ஸ் வரும், அவற்றுக்கும் இதே கணக்குதானா? எத்தனை நாள் வைக்கலாம்? மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பாதியில் நின்றால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற பொருள்.


கம்பம்மெட்டுக்காரன்:

அக்கா, குமுளி பக்கம் ரிசார்ட் கிச்சனில் இனிப்புப் பகுதியில் வேலை பார்க்கிறேன், பழ சாஸ் இல்லாத நாளே எங்களுக்குக் கிடையாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு வேண்டியது பழமா, சாறா, கூழா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கம்போட் என்றால் பழம் முழுசாகத் தெரிய வேண்டும். சாஸ் என்றால் பழம் கரைய வேண்டும். சிரப் என்றால் பழமே வேண்டாம், அதன் சாறு மட்டும் போதும். அடுப்பில் ஒரே சட்டியில் மூன்றையும் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், இதில் அப்படி முடியாது, டிகிரி மாறினால் கிடைக்கிற பொருளே மாறிவிடும்.

நீங்கள் பார்த்த அந்த 85 டிகிரி கேரட், பீட்ரூட்டுக்கான கணக்கு. காய்களில் செல்லோடு செல்லை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் 83, 85 டிகிரிக்குக் கீழே லேசில் இளகாது, அதனால் காய் வேக அவ்வளவு சூடு வேண்டும். கனிந்த ஸ்ட்ராபெர்ரிக்கு அது தேவையே இல்லை, பழுக்கும்போதே அதில் உள்ள நொதிகள் பெக்டினைப் பெருமளவு அவிழ்த்துவிட்டிருக்கும். 60 டிகிரி தாண்டினாலே செல்லின் சவ்வு உடைந்து சாறு தானாக வெளியே வந்துவிடும். ஆகவே பழம் முழுசாக வேண்டும் என்றால் 65ல் வையுங்கள், முக்கால் மணி நேரம். பெரிய பழத்தை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள், எடையில் 15 சதவீதம் சர்க்கரை, அரைக்கிலோவுக்கு அரை எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. பழம் பையில் ஒரே அடுக்காகப் பரவி இருக்க வேண்டும், குவியலாக இருந்தால் நடுவில் சூடு போய்ச் சேர நேரமாகும். வெளியே எடுத்துப் பார்த்தால் பழம் வெளிறிப் போய் ரோஸ் நிறத்தில் இருக்கும், சாறு பைக்கு அந்தப் பக்கம் வைத்த விரல் ரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாகவும் நல்ல சிவப்பாகவும் இருக்கும். பழம் வெளுத்துவிட்டதே என்று பயப்படாதீர்கள், நிறம் எல்லாம் சாற்றுக்குப் போயிருக்கிறது. அதை அப்படியே ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டால் பழம் கொஞ்சம் நிறத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இப்போது கெட்டியாகாத விஷயம். மணம் ஏன் பைக்குள்ளேயே நிற்கிறது? வெளியே போக வழி இல்லை, அதனால்தான். தண்ணீருக்கும் அதே கதைதான் அக்கா. ஒரு சொட்டுகூட ஆவியாகாத பையில் நாள் முழுக்க வைத்தாலும் சாறு வற்றாது. சட்டியில் ஜாம் இறுகுவது தண்ணீர் வற்றி, சர்க்கரை 65 சதவீதம் வரை ஏறி, புளிப்பும் பெக்டினும் சேர்ந்து பிடிப்பதால். அதில் எதுவும் பைக்குள் நடக்காது. எனவே கெட்டியாக்கும் வேலையைப் பைக்கு வெளியே தனியாகச் செய்ய வேண்டும்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். பையிலிருந்து சாற்றை வடித்து இரண்டு பங்காகப் பிரிப்போம். ஒரு பங்கை அகலமான ஸ்டீல் வாணலியில் பெரிய தீயில் சட்டென்று வற்ற விட்டு, அது பாகாக வந்ததும் இறக்கி, சூடு ஆறிய பிறகு மற்ற பங்கைச் சேர்ப்போம். வற்ற விட்ட பங்கில் மணம் போகும், ஆனால் தொடாமல் வைத்த பங்கில் மணம் முழுசாக இருக்கும், இரண்டும் சேரும்போது நாக்குக்கு அது புதுப் பழமாகவே தெரியும். எனக்குத் தெரிந்து ஸ்ட்ராபெர்ரிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பளபளவென்று ஊற்றுகிற சாஸ் வேண்டும் என்றால் கடல்பாசி இருக்கிறதே, சைனா கிராஸ், அது போதும். கால் லிட்டர் சாறுக்கு 2 கிராம் பொடி. ஆனால் பாசியைச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது, புளிப்பில் கொதித்தால் அதன் பிடிப்பு குறைந்துவிடும். கொஞ்சம் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்துக் கரைத்து, வெதுவெதுப்பான சாற்றை அதில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, பிறகு மிக்ஸியில் அடித்தால் ஸ்பூனில் நிற்கிற சாஸ் வரும். கார்ன்ஃப்ளவர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கலங்கிப் போகும், எலுமிச்சையோடு நெடுநேரம் கொதித்தால் நீர்த்தும் போகும்.

பழம் கரைந்த சாஸ்தான் வேண்டும் என்றால் அப்போது 85க்குப் போங்கள், 40 நிமிடம், மிக்ஸியில் ஒரு சுற்று, சல்லடையில் தேய்த்து விதையை எடுத்துவிடுங்கள். அமுங்கிய பழத்துக்கு இதுதான் சரி. அமுங்கியது வேறு, அழுகியது வேறு, பூஞ்சை பிடித்த ஒரு பழம் உள்ளே போனாலும் பை முழுக்க அந்த வாசம் அடைத்துக்கொள்ளும், சட்டியில் என்றால் பாதி பறந்துவிடும், இதில் பறக்க இடமே இல்லை. அதே காரணத்தால் ஏலக்காய், பட்டை, கிராம்பு எல்லாம் நீங்கள் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். அரைக்கிலோவுக்கு ஒரே ஒரு ஏலக்காய், லேசாகத் தட்டிப் போட்டுப் பாருங்கள்.

சிரப்புக்கு ஒரு கிலோ பழம், அரைக்கிலோ சர்க்கரை, 60லிருந்து 65க்குள், இரண்டு மணி நேரம். துணியில் கட்டித் தொங்கவிட்டு அதுவாக வடிய விடுங்கள். பிழியக் கூடாது. பிழிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்தான், ஆனால் கலங்கல் வந்துவிடும், பிறகு எந்தத் துணியாலும் அதைத் தெளிய வைக்க முடியாது.

பை மிதப்பதற்கு மேலே ஒரு ஸ்டீல் தட்டை வைத்து அதன்மேல் சின்னக் குழவிக் கல்லை வையுங்கள், தண்ணீர் சுற்றி வர ஓரத்தில் இடம் விட்டு. ஸ்ட்ராபெர்ரிக்குள்ளேயே காற்று இருக்கிறது, சூட்டில் அது வெளியே வந்து பையை ஊத வைக்கும், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஊதும். பையின் காற்றை உறிஞ்சி ஓரத்தை ஒட்டும் மெஷின் வைத்திருந்தால் பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்து விட்டு ஒட்டாதீர்கள், சாற்றை எல்லாம் மெஷின் உறிஞ்சிவிடும். ஃப்ரீசரில் வைத்த பழத்தை அப்படியே கல்லாக இருக்கும்போதே போட்டு ஒட்டினால் தொல்லையே இல்லை. உறைந்த பழத்தில் ஐஸ் ஏற்கனவே செல்லைக் கிழித்திருக்கும் என்பதால் சிரப்புக்கு அதுவே நல்லது, சாறு சுலபமாக இறங்கும். கம்போட்டுக்கு மட்டும் புதுப் பழம் வேண்டும்.


பீர்மேடு:

இதற்கு மெஷின் கட்டாயம் என்று இல்லை. ஸ்டீல் கிண்ணத்தில் பழமும் சர்க்கரையும் போட்டு, வாயைப் படத்தாளால் இறுக்கி மூடி, அடியில் தண்ணீர் மெல்லத் தளதளக்கிற பாத்திரத்தின்மேல் ஒரு மணி நேரம் வைத்தால் தெளிந்த சிவப்புச் சாறு தானாக இறங்கும். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் அப்படித்தான் ஸ்ட்ராபெர்ரி சாறு எடுத்து வந்தார்கள், இன்றும் எடுக்கிறார்கள்.


கம்பம்மெட்டுக்காரன்:

உண்மைதான் அண்ணே, சிரப்புக்கு அது போதும், நானும் அதில்தான் கற்றுக்கொண்டேன். கம்போட்டுக்குத்தான் போதாது. கிண்ணத்துக்கு அடியில் ஆவி எத்தனை டிகிரியில் அடிக்கிறது என்று நம் கையில் இல்லை, பழம் முழுசாக நிற்குமா குழையுமா என்பது அந்தந்த நாள் தீயைப் பொறுத்தது. படத்தாள் என்றால் பிளாஸ்டிக் தாளைத்தானே சொல்கிறீர்கள், அலுமினியத் தாள் என்றால் புளிப்புச் சாறு அதில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.


கொழிஞ்சாம்பாறை:

தேவிகுளம் தங்கச்சி, ஸ்ட்ராபெர்ரி பற்றித் தம்பி எல்லாம் சொல்லிவிட்டார், முசுக்கொட்டைக்கு நான் சொல்கிறேன். எங்கள் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை சுற்றிலும் தோட்டத்து வேலியில் அது உண்டு, பிள்ளைகள் வாய் கறுக்கக் கறுக்கத் தின்பார்கள்.

முசுக்கொட்டையில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் புளிப்பு. ஸ்ட்ராபெர்ரி எவ்வளவு இனித்தாலும் உள்ளே புளிப்பு இருக்கும், பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4க்குக் கீழேயே நிற்கும். நன்றாகக் கறுத்துப் பழுத்த முசுக்கொட்டை அப்படி அல்ல, அது வெறும் தித்திப்பு, பிஎச் 4.6ஐத் தாண்டிப் போகக்கூடும். 4.6க்கு மேலே காற்றில்லாத பையில் போட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் உண்டு, 60, 85 டிகிரி எல்லாம் அதன் வித்துக்களைக் கொல்லாது. அதனால் எலுமிச்சை ருசிக்கு மட்டும் என்று நினைக்காமல் அரைக்கிலோவுக்கு ஒரு முழுப் பழம் பிழிந்து விடு. பாதி சிவப்பாக இருக்கும் அரைப்பழத்தையும் ஒரு கை சேர்த்தால் புளிப்பும் வரும், ருசியும் கூடும். நிறமும் அப்போதுதான் நிற்கும், இந்தச் சிவப்பு ஊதா நிறச் சாயம் எல்லாம் புளிப்பில்தான் சிவப்பாகத் தெளியும், புளிப்பு குறைந்தால் நீலம் கலந்து மங்கிவிடும். ஒவ்வொரு பழத்திலும் நடுவில் ஓடும் பச்சைக் காம்பைக் கத்தரியால் வெட்டிவிடு, இது பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் விட்டால் சாற்றில் பச்சை வாடை இறங்கும். சாஸுக்குச் சல்லடையில் தேய்ப்பதாக இருந்தால் இதை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் அதற்கும் வெட்டித்தான் போடுவேன்.

வெப்பம் 70, அரை மணி நேரம். முசுக்கொட்டை முழுசாகவே நிற்கும்.

ப்ளம்ஸ் வேறு. அதன் தோல் தடிப்பு, சதை இறுக்கம், அதற்குத்தான் அந்த 85 பொருந்தும். கொட்டையை எடுத்துவிட்டு நான்காக நறுக்கி, சர்க்கரை 20 சதவீதம், முக்கால் மணி நேரம். தோலை உரிக்காதே, நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது, வெந்த பிறகு தோல் தானாகச் சுருண்டு வரும், அப்போது வேண்டுமானால் எடுத்துக்கொள்.

நாவல் பழமும் இப்படிச் செய்யலாம், ஆனால் அதன் துவர்ப்பை எந்த டிகிரியும் போக்காது. கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கூட்டிப் போட்டு சிரப்பாக எடுத்து சோடாவில் கலந்து கொடு, வெயிலில் ஊர் சுற்றி வருகிறவர்கள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். பாஷன் ஃப்ரூட்டை மட்டும் வேக வைக்கவே வைக்காதே. ஸ்ட்ராபெர்ரி கம்போட் ஆறிய பிறகு அதன் கூழை மேலே வழித்துப் போட்டால் போதும்.


தேவிகுளத்து அடுப்பு:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒன்று. இங்கே பக்கத்தில் மறையூர் சர்க்கரை (வெல்லம்தான்) நல்லதாகக் கிடைக்கிறது, விருந்தாளிகளும் ஊர்ப்பொருள் என்றால் விரும்புகிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக அதைப் போடலாமா?


கொழிஞ்சாம்பாறை:

மறையூர் சர்க்கரைக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ருசியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்ட்ராபெர்ரியில் போடாதே கண்ணு. அதன் கறுப்புப் பாகு நிறம் ஒரு பக்கம், வெல்லம் காய்ச்சும்போது அழுக்கு நீங்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம், அது புளிப்பைத் தணித்துவிடும், சிவப்பு மங்கிக் காவி நிறத்துக்கு வந்துவிடும். மணத்திலும் வெல்லம்தான் முன்னால் நிற்கும், பழம் பின்னால் போய்விடும். ப்ளம்ஸுக்கும் முசுக்கொட்டைக்கும் போடு. அவை கறுப்பாகவே இருப்பவை, வெல்லத்தின் கனத்தையும் தாங்கும். மறையூர் சர்க்கரையும் ஒரு துண்டு இஞ்சியும் போட்ட ப்ளம்ஸ் கம்போட்டை சூடான அப்பத்தோடு வைத்துப் பார், தேங்காய்ப்பாலும் பக்கத்தில் இருக்கட்டும்.


போடிமெட்டு இறக்கம்:

பேச்சு பழத்திலேயே போகிறது, பை பற்றியும் பாத்திரம் பற்றியும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜிப் வைத்த சாதாரணப் பைகளை 70 டிகிரி வரைதான் நம்பலாம். 85ல் பாலிதீன் இளக ஆரம்பிக்கும், பை உருகாது, ஆனால் ஒட்டிய விளிம்பு வாய் திறந்துகொள்ளும், தண்ணீர் உள்ளே, சாறு வெளியே. அந்தச் சூட்டுக்கு நைலான் கலந்த வேக்யூம் பைகள் வேண்டும், அதுவும் கொதிக்க வைக்கத் தகுந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். கடையில் தருகிற கேரி பேக் வகையறாவை எந்த டிகிரிக்கும் தொடவே தொடாதீர்கள், உணவுக்கென்று செய்தது அல்ல அது.

என் கருத்தில் 85க்குக் கண்ணாடி ஜாடிதான் மேல். சுத்தமான, கீறல் இல்லாத, உலோக மூடி போட்ட ஜாடி. மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு நிரப்பி, மூடியை விரல் நுனியால் மட்டும் திருகுங்கள், முழு பலத்தில் இறுக்கினால் உள்ளே விரியும் காற்று போக வழியின்றி ஜாடி உடையும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஜாடியை வைத்துவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக 85ல் இறக்கினால் அடியோடு விட்டுப்போகும். திரும்ப எடுக்கும்போதும் அப்படித்தான், நேராக ஐஸ் தண்ணீருக்குள் வைக்கக் கூடாது. ஒரு முக்கிய விஷயம், ஜாடி பையைப் போலத் தட்டை அல்ல, அரை லிட்டர் ஜாடியின் நடுவுக்குச் சூடு போய்ச்சேரவே ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், ஆகவே மேலே சொன்ன நேரங்களோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூடி வைக்காமல் 85ல் ஓட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், கருவி காய்ந்து நின்றுவிடும், பாத்திரத்தின் வாயை ஃபாயிலால் மூடுங்கள்.

அடுத்தது கரண்ட். அரிசி வேக வைக்கிற தெர்மல் குக்கர், கரண்ட் இல்லாமலே சூட்டைப் பிடித்து வைக்குமே, அது உங்கள் வீட்டில் இருக்கும்தானே, கேரளத்தில் நிறைய வீடுகளில் உண்டு. அதுவே நல்ல சூ வீட் தொட்டி. முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து உள்பக்கத்தைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். பிறகு 5 லிட்டர் தண்ணீர் 88 டிகிரியில் ஊற்றி, அறைச் சூட்டில் இருக்கும் அரைக்கிலோ பழப்பையை உள்ளே போட்டால் எல்லாம் சமன்பட்டு 82 டிகிரி பக்கம் நிற்கும். முக்கால் மணி நேரத்துக்கு அந்தக் குக்கர் பெரிதாகச் சூட்டை விடாது. 65 வேண்டும் என்றால் 69, 70ல் ஊற்றுங்கள். ஒரு நல்ல தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம். கருவியில் வைத்துப் பாதியில் கரண்ட் போனாலும் பயம் இல்லை, மூடியைத் திறக்காமல் கம்பளியைச் சுற்றி வைத்துவிட்டால் அரை மணி நேரத்தைத் தாங்கும். இரண்டு மணி நேரம் ஆகியும் வரவில்லை, தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு இறங்கிவிட்டது என்றால் அப்படியே விடாதீர்கள், கேஸ் அடுப்பில் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிட்டு சாஸாக முடித்துவிடுங்கள்.

மலைமேல் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. தேவிகுளம் 1,500 மீட்டருக்கு மேல், அங்கே தண்ணீர் 95 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். ஜாம் 104, 105 டிகிரியில் இறக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும், அது கடல் மட்டத்துக் கணக்கு. உங்கள் ஊரில் அந்தச் சூடு வருவதற்குள் ஜாம் பாகு முறிந்து மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விடும், உங்கள் பழைய பாட்டில்கள் செங்கல் நிறமானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் ஊர்க் கொதிநிலைக்கு மேலே நான்கு, ஐந்து டிகிரி, அதாவது 100 பக்கம் இறக்கினால் சரி. சூ வீடுக்கு இந்தத் தொல்லை இல்லை, 85 என்பது போடியிலும் 85தான், தேவிகுளத்திலும் 85தான்.

எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இது டின்னில் அடைத்த பதார்த்தம் அல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள். மூடி சத்தத்தோடு இறுகி இருந்தாலும் அலமாரியில் வைக்கக் கூடாது. வெந்ததும் பையை ஐஸ் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் கம்போட்டும் சாஸும் ஒரு வாரம். சர்க்கரையும் சாறும் சரிபாதியாக உள்ள சிரப் இரண்டு மூன்று வாரம் போகும். அதற்கு மேல் வேண்டும் என்றால் சின்னச் சின்னப் பைகளாக ஃப்ரீசரில். பையின்மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், மறக்காமல். லேசாக நுரைத்தாலோ ஊதினாலோ ருசி பார்க்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.


கம்பம்மெட்டுக்காரன்:

அண்ணன் சொன்ன ஜாடி நல்ல யோசனைதான், ஆனால் கம்போட்டுக்கு நான் பையைத்தான் சொல்வேன், ஜாடியில் அடியில் இருக்கும் பழம் மேலே இருப்பதன் எடையில் நசுங்கும். சாஸுக்கு ஜாடி, கம்போட்டுக்குப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

சீசன் இல்லாத மாதங்களுக்கு ஒரு வழி. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க வெட்டு உண்டு, அதற்கும் 2023ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. கொத்திலிருந்து உதிர்த்து, கழுவி, ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கித் தோலோடு போடுங்கள், சர்க்கரை 30 சதவீதம், 65ல் இரண்டு மணி நேரம். விதையை மட்டும் மிக்ஸியில் அடித்துவிடாதீர்கள், கசப்பு இறங்கும், துணியில் வடித்தால் போதும். அந்தப் பன்னீர் வாசம் கொதிக்க வைத்தால் அரை மணி நேரத்தில் காணாமல் போகும், பையில் வைத்தால் அப்படியே நிற்கிறது. தயிர்மேல் அதை ஊற்றிக் கொடுத்த நாளிலிருந்து எங்கள் ரிசார்ட்டில் ஸ்ட்ராபெர்ரி இல்லையா என்று கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.


தேவிகுளத்து அடுப்பு:

நேற்று 65ல் வைத்துப் பார்த்தேன், பழம் முழுசாக நிற்கிறது, சாற்றைப் பாதி வற்ற வைத்துக் கலந்தேன், மணம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் ஸ்பூனைக் கீழே வைக்கவே இல்லை. சிரப் வடித்த பிறகு துணியில் நிறையச் சக்கை மிஞ்சுகிறது, அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, ஏதாவது செய்யலாமா?


கொழிஞ்சாம்பாறை:

தூக்கிப் போடாதே. எங்கள் பக்கம் மாங்காய்த் திர, மாம்பழக் கூழைத் தகடாக உலர்த்துவது, போடுவோமே, அதே முறைதான். சக்கையை மிக்ஸியில் அடித்து, சர்க்கரை ஏற்கனவே இருக்கும் அதனால் கூட வேண்டாம், எலுமிச்சை மட்டும் கொஞ்சம் விட்டு, நெய் தடவிய தட்டில் தோசைக்கல் கனத்துக்கும் குறைவாகத் தேய்த்து உலரவிடு. உங்கள் ஊர் மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது, ஓவனில் 70 டிகிரியில் கதவை ஒரு விரல் திறந்து வைத்து ஆறேழு மணி நேரம், ஒட்டாமல் உரிந்து வந்தால் ஆயிற்று. சுருட்டி வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடு. மணம் சிரப்புக்குப் போய்விட்டிருக்கும், அதனால் மாங்காய்த் திர அளவுக்கு ருசி எதிர்பார்க்காதே, ஒரு துளி வெனிலாவோ கொஞ்சம் பாஷன் ஃப்ரூட் கூழோ சேர்த்தால் சரியாகிவிடும்.

வட்டவடையில் இந்த வாரம் அமுங்கின பழம் என்ன விலை என்று போடு, கல்யாண ஆர்டர் ஒன்று இருக்கிறது, பையனை அனுப்புகிறேன்.